மாதிரியும் மாதிரியும்: ஓசூர் – கிருஷ்ணகிரி நிலப்பகுதியில் மண்ணின் பொருட்பண்பு மாதிரித் தேர்வு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அடித்தளம், அகழ்வு, தாங்குசுவர் ஆகியவற்றின் வடிவமைப்பில் முடிவுறு கூறு பகுப்பாய்வு இன்று பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. அப்பகுப்பாய்வில் மண் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணினிக்கு உணர்த்தும் கணிதத் தொடர்பே பொருட்பண்பு மாதிரி ஆகும். ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியின் நிலம், பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து உருவான செம்மண் நிலம். ஆண்டின் பெரும்பகுதி நீர் நிறைவுறாத நிலையில் இருப்பது. இந்நிலத்திற்கு மென்பொருளின் முன்னமைவாக உள்ள மாதிரியை ஆராயாமல் ஏற்பதும், உயர்நிலை மாதிரி ஒன்றைத் தேர்ந்து அதற்குரிய அளவுருக்களைப் பிற நிலங்களின் தொடர்புகளிலிருந்து கடன் பெறுவதும் ஒரே குறையின் இரு வடிவங்கள் என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின் வழியும், 2004-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிகழ்ந்த அகழ்வுச் சரிவின் வழியும் நிறுவ முயல்கிறது. மாதிரித் தேர்வு என்பது மண்பதம் எடுக்கும் முன்பே தொடங்க வேண்டிய பணி என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: முடிவுறு கூறு பகுப்பாய்வு, பொருட்பண்பு மாதிரி, எச்சமண், உறிஞ்சழுத்தம், மோர்–கூலும், ஓசூர், கிருஷ்ணகிரி.

1. முன்னுரை

தமிழில் 'மண் மாதிரி' என்னும் தொடர் இரு பொருள் தருவது. துளையிட்டு எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும் ஒரு பிடி மண்ணும் மண் மாதிரிதான். அம்மண்ணின் தகைவு – திரிபு உறவைச் சமன்பாடுகளில் வடித்த கணித அமைப்பும் மண் மாதிரிதான். கலைச்சொல்லாக்க நோக்கில் இது ஒரு குறையே. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதே அறிவியல் தமிழின் நெறி. எனவே இக்கட்டுரையில் முதலாவது 'பதம்' எனவும், இரண்டாவது 'மாதிரி' எனவும் வழங்கப்படுகின்றன. பதம் பார்த்தல் என்னும் வழக்கு இதற்கு அடிப்படை.

சொல்லளவில் ஒன்றாகி நிற்கும் இவ்விரண்டும் நடைமுறையில் தொடர்பற்றுக் கிடக்கின்றன என்பதே இங்கு எழுப்பப்படும் சிக்கல். மாதிரி, பதத்திலிருந்து பிறக்க வேண்டும். ஆனால் முதுநிலை ஆய்வேடுகளிலும் கலந்தாய்வு அறிக்கைகளிலும் பெரும்பாலும் மாதிரி முதலில் முடிவாகிவிடுகிறது. அதன் அளவுருக்களை நிரப்பும் பொருட்டே மண்ணாய்வு அறிக்கை பின்னர்ப் புரட்டப்படுகிறது. 'மண், மோர்–கூலும் மாதிரியைக் கொண்டு உருவகிக்கப்பட்டது' என்ற ஒற்றைத் தொடர் எந்தக் காரணமும் இன்றி எழுதப்படுகிறது. ஏன் அம்மாதிரி, அது எதைச் சொல்லாது விடும் என்ற வினாக்கள் எழுவதில்லை. அவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட நிலத்தை முன்வைத்து எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுநிலம்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ளது. 1970-களில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. தொடர்ந்து வாகனம், உதிரிப்பாகம், கைக்கடிகாரம் எனத் தொழிற்சாலைகள் பெருகின. பின்னர்ச் சூளகிரி, போச்சம்பள்ளி எனக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உட்பகுதிகளுக்கும் இவ்வளர்ச்சி பரவியது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வழியாகப் பெங்களூரு வரை ஏறத்தாழ ஒரே தொழில்வெளி நீள்கிறது. எல்லைக்கோடு இரு மாநிலங்களைப் பிரித்தாலும் அடியில் உள்ள பாறையைப் பிரிப்பதில்லை.

அப்பாறை தீபகற்ப நைசு எனப்படும் மிகத் தொன்மையான உருமாற்றப் பாறை. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி நோக்கித் தெற்கே செல்லச் செல்ல அது சார்னோகைட்டாக மாறிச் செல்வதைப் புவியியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். இப்பாறைகள் இருந்த இடத்திலேயே சிதைந்து உருவான மண்ணே எச்சமண். மேலே செம்மண், அதன்கீழ் சரளை கலந்த மொரம்பு, அதன்கீழ் பாறையின் வரிகளைக் காட்டிக்கொண்டே கையால் நொறுங்கும் சிதைவுப்பாறை, இடையிடையே சிதையாமல் எஞ்சிய உருண்டைக் கற்கள், அடியில் உறுதியான பாறை என்பது பொதுவான அடுக்குமுறை. ஆனால் அடுக்கின் தடிப்பு சீரானதன்று. ஒரே தொழிற்கூடத்தின் ஒரு மூலையில் 2 மீட்டரில் தட்டுப்படும் பாறை மறுமூலையில் 10 மீட்டருக்கும் கீழே சென்றுவிடலாம். இவற்றுடன் சங்கிலித் தொடராய் அமைந்த ஏரிகளின் படுகைகளில் படிந்த களிமண்ணும் உண்டு.

இந்நிலத்தின் இன்னொரு கூறு நீர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இப்பகுதிக்கு உண்டு. எனினும் நிலத்தடி நீர்மட்டம் பெரும்பாலான மேட்டுநிலங்களில் அடித்தளங்களுக்கு மிகக் கீழே நிற்கிறது. ஆகவே கட்டடத்தைத் தாங்கும் மண், துளைகளில் நீரும் காற்றும் கலந்து நிற்கும் நிறைவுறா மண். பாடநூல்களின் முதன்மைப் பகுதி நிறைவுற்ற மண்ணைப் பற்றியே பேசுகிறது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

3. மாதிரிகளின் பிறப்பிடம்

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. எந்த மண்ணைக் கண்டு, எந்தச் சிக்கலைத் தீர்க்க அது எழுந்தது என்பதை அறியாமல் அதைப் பிற நிலத்திற்குப் பெயர்ப்பது பொருந்தாது.

கூலும், படைப்பொறியாளராக மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய பட்டறிவுடன் 1773-இல் பாரிசு அறிவியற் கழகத்தில் தம் ஆய்வுரையை அளித்தார். மண்சுவர் எப்போது சரியும் என்பதே அவர் வினா. மோர் அதனைப் பின்னர்த் தகைவு வட்டங்களின் வழிப் பொதுமைப்படுத்தினார். ஆக, இவ்விருவர் பெயரால் வழங்கும் மாதிரி அடிப்படையில் முறிவு பற்றியது. முறிவுக்கு முன் மண் எவ்வளவு நகரும் என்பது அதன் பிறவி வினா அன்று. முறிவு வரை மண் நேர்கோட்டு மீள்மையுடையது என்பது பின்னாளில் கணக்கீட்டு வசதிக்காகச் சேர்க்கப்பட்ட கொள்கை.

கேம்பிரிட்சில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு, ராத் ஆகியோர் 1958-இல் முன்வைத்த உய்யநிலைக் கருத்திலிருந்து கேம் களிமாதிரி எழுந்தது. 1968-இல் ரோஸ்கோவும் பர்லண்டும் அதனைத் திருத்தி அமைத்தனர். நீரில் குழைத்து மீளப் படிவித்த, நிறைவுற்ற களிமண்ணே அதன் தாய்நிலம். டங்கன், சாங் இருவரின் அதிபரவளைய மாதிரி 1970-இல் வந்தது. ஷான்ஸ், ஃபெர்மேர், போனியே ஆகியோரின் கடினமுறும் மண் மாதிரி 1999-இல் வெளியானது. நிறைவுறா மண்ணுக்கென அலோன்சோ, ஜென்ஸ், ஹோசா ஆகியோர் 1990-இல் அளித்தது பார்சிலோனா மாதிரி.

எச்சமண்ணுக்கு இவற்றுள் எதுவும் முற்றும் பொருந்துவதில்லை. படிவு மண்ணில், அது முன்பு சுமந்த பெருஞ்சுமையின் நினைவே முன்னிறுகல் அழுத்தமாகத் தங்குகிறது. எச்சமண் எங்கிருந்தும் வந்து படியவில்லை. அதில் காணப்படும் வன்மை, பாறையிடமிருந்து எஞ்சிய பிணைப்பும் சிதைவின்போது உருவான பிணைப்புமே. இக்கட்டமைப்பு விளைவைப் படிவு மண், எச்சமண், மென்பாறை ஆகிய அனைத்திற்கும் பொதுவான ஒன்றாக லெருவே, வாகன் இருவரும் 1990-இல் விளக்கினர். பிணைப்பு அறுந்தபின் அம்மண் முற்றிலும் வேறொரு மண்ணாக நடந்துகொள்கிறது.

4. ஒரு சரிவு சொல்லும் பாடம்

மாதிரித் தேர்வு கணினித் திரைக்குள் அடங்கும் நுட்பச் சிக்கல் என்று கருதுவோர்க்குச் சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலைச் சரிவு மறுமொழியாக நிற்கிறது. வட்டப்பாதை மெட்ரோ தடத்திற்கான ஆழ்ந்த அகழ்வு 2004 ஏப்ரல் 20 அன்று பிற்பகலில் சரிந்தது. நால்வர் உயிரிழந்தனர். அரசு அமைத்த விசாரணைக் குழு இரு வடிவமைப்புப் பிழைகளை முதன்மையாகச் சுட்டியது. ஒன்று, குறுக்குத் தாங்கிகளுக்கும் கிடைவிட்டத்திற்கும் இடையிலான இணைப்பின் வலிமைக் குறை. மற்றொன்று, மென்மையான கடற்களிமண்ணை உருவகித்த முறை.

இரண்டாவதே இங்கு நமக்கு உரியது. நீர் வெளியேற நேரமில்லாத களிமண்ணுக்கு, மோர்–கூலும் மாதிரியில் பயனுறு தகைவு அளவுருக்கள் அளிக்கப்பட்டன. இதில் நேரும் பிழையை எளிய கணக்கால் காட்டலாம். உராய்வுக் கோணம் 30 பாகை, பிணைப்பு சுழி, நிலைப்பக்க அழுத்தக் கெழு 0.5 எனக் கொள்வோம். மீள்மைக் கட்டத்தில் சராசரிப் பயனுறு தகைவு மாறாது என்பது இம்மாதிரியின் இயல்பு. ஆகவே வடிகாலற்ற சறுக்கு வலிமை, செங்குத்துப் பயனுறு தகைவின் 0.75 × 0.5, அதாவது 0.375 மடங்காகக் கிடைக்கும். உண்மையில் இயல்பாக இறுகிய மென்களிமண் சறுக்கும்போது சுருங்க முனைகிறது. துளைநீர் அழுத்தம் உயர்கிறது. வலிமை ஏறத்தாழ 0.22 மடங்கிலேயே நின்றுவிடுகிறது. இல்லாத வலிமையை மாதிரி இருப்பதாகக் காட்டுகிறது. நிக்கல் நெடுஞ்சாலையில் இதன் விளைவாகச் சுவரின் வளைவும் வளைதிருப்புமையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து மதிப்பிடப்பட்டன.

இங்குக் கருத வேண்டியது ஒன்று. அளிக்கப்பட்ட உராய்வுக் கோணம் தவறன்று. மென்பொருளும் தவறாகக் கணக்கிடவில்லை. பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றியிருக்காது. சரியான எண்களை இடம்பொருந்தா மாதிரியில் இட்டதே பிழை. மேலும், அச்சரிவுக்கு அம்மாதிரி மட்டுமே காரணமும் அன்று. இணைப்பின் வலிமைக் குறையே சரிவைத் தொடங்கியது. ஆயினும் சுவரின் நகர்வு முன்கணிப்பைத் தாண்டியபோது, மாதிரியை ஐயுறாமல் அளவுருக்களை மட்டும் திருத்திக் கணிப்பை அளவீட்டுடன் பொருத்தியது, எச்சரிக்கையை எச்சரிக்கையாகக் கேட்கவிடாமல் செய்தது.

ஓசூரில் கடற்களிமண் இல்லை. எனினும் ஏரிப்படுகையை ஒட்டிய மனைகளில் இதே பிழை இதே வடிவில் நேரலாம். செம்மண் மேட்டுநிலத்தில் அது வேறு வடிவங்களில் நேர்கிறது. அவற்றை மூன்றாக வகுத்துக் காணலாம்.

5. முதற்குறை: ஒரே மண்ணுக்கு ஒரே குணகம்

மோர்–கூலும் மாதிரியில் மண்ணின் விறைப்பைச் சுட்ட ஒரே ஒரு மீள்மைக் குணகம் உண்டு. சுமை ஏறினாலும் இறங்கினாலும், திரிபு சிறிதானாலும் பெரிதானாலும் அதே குணகம். அகழ்வில் இதன் விளைவு வெளிப்படையானது.

அகலமான ஓர் அகழ்வில் 6 மீட்டர் மண் அகற்றப்படுவதாகக் கொள்வோம். மண்ணின் அலகு எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எனில், அகற்றப்படும் அழுத்தம் 108 கிலோபாஸ்கல். பக்கவாட்டு விரிவின்றி அளந்த குணகம் 30 மெகாபாஸ்கல். அகழ்வின் அடியிலிருந்து 15 மீட்டர் ஆழம் வரை கணக்கில் சேர்த்தால் தரை 54 மில்லிமீட்டர் மேலெழும். அடி எல்லையை 30 மீட்டராக்கினால் 108 மில்லிமீட்டர். மண் மாறவில்லை, சுமை மாறவில்லை. ஆய்வாளர் வரைந்த எல்லைக்கோடு மட்டும் மாறியது, விடை இரட்டித்தது. சுமை இறங்கும்போது மண் பல மடங்கு விறைப்பாக நடந்துகொள்ளும் என்ற உண்மையைச் சேர்த்து, இறங்குகுணகத்தை மும்மடங்காகக் கொண்டால், 15 மீட்டருக்குரிய விடை 18 மில்லிமீட்டராகக் குறைகிறது.

அழுத்துப்பொறிகளின் அடித்தளத்தில் இக்குறை எதிர்த்திசையில் வெளிப்படுகிறது. வாகன உதிரிப்பாகத் தொழிற்கூடங்களில் அதிர்வு தாங்கும் அடித்தளங்கள் மிகச் சிறிய திரிபுகளிலேயே இயங்குகின்றன. சறுக்கலை வேகம் நொடிக்கு 250 மீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 1.8 டன் எனில், சறுக்குக் குணகம் ஏறத்தாழ 112 மெகாபாஸ்கல். பாய்சன் விகிதம் 0.3 எனக் கொண்டால் மீள்மைக் குணகம் ஏறத்தாழ 290 மெகாபாஸ்கல். அதே மண்ணில் தட்டுச்சுமைச் சோதனை 30 அல்லது 40 மெகாபாஸ்கல் காட்டினால் வியப்பில்லை. இரண்டும் சரியே. திரிபின் அளவு வேறு, ஆகவே குணகமும் வேறு. எந்தக் குணகம் சரி என்று வினவுவதைவிட, எந்தச் செயலுக்கு எந்தக் குணகம் என்று வினவுவதே பொருந்தும்.

6. இரண்டாம் குறை: நீரை மறத்தல்

கோடையில் ஓசூர்ச் செம்மண்ணில் செங்குத்தாக வெட்டிய குழி, தாங்கல் ஏதுமின்றி நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அவ்வுறுதியின் பெரும்பங்கு உறிஞ்சழுத்தத்தால் வருவது. துளைகளில் எஞ்சிய நீர், மண்துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. பிரெட்லண்ட், மார்கன்ஸ்டர்ன், விட்ஜர் ஆகியோர் 1978-இல் அளித்த சமன்பாடு இப்பங்கைத் தனி உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறது.

உறிஞ்சழுத்தம் 50 கிலோபாஸ்கல், அதற்குரிய கோணம் 15 பாகை எனில் தோற்றப் பிணைப்பு ஏறத்தாழ 13.4 கிலோபாஸ்கல். உராய்வுக் கோணம் 30 பாகை, அலகு எடை 18 கிலோநியூட்டன் எனக் கொண்டு செங்குத்து வெட்டின் உய்ய உயரத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5.2 மீட்டர் கிடைக்கும். இழுவிசை வெடிப்பு தோன்றினால் இவ்வுயரம் மேலும் குறையும். இனி, இரண்டு நாள் அடைமழை பெய்கிறது, அல்லது அருகில் புதைத்த குழாய் கசிகிறது. உறிஞ்சழுத்தம் மறைகிறது. பிணைப்பு முழுவதும் அதனால் வந்ததே எனில், அவ்வெட்டு நிற்கத்தக்க உயரம் சுழி.

ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த பதத்தைச் சோதித்துப் பெற்ற 13 கிலோபாஸ்கலைப் பிணைப்பு என்னும் கட்டத்தில் நிலையான எண்ணாக இடும்போது, அது மழையிலும் மாறாது என்று கணினிக்குச் சொல்லிவிடுகிறோம். மென்பொருள் தரும் காப்புக் கெழு அந்நாளைய கோடைக்கு உரியது. குழிக்குள் இறங்கி வேலை செய்யும் தொழிலாளர் மழைக்காலத்திலும் இறங்குவர். அவர்களுள் பலர் வடமாநிலங்களிலிருந்து வந்து, இம்மண்ணின் போக்கை அறியாதவர்கள். அவ்வெண் யாருடைய உயிரைத் தாங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அதன் காரணத்தை எழுதாமல் விடுவதன் பொறுப்பின்மை விளங்கும்.

நீரின் மற்றொரு விளைவு நனைவுச் சரிவு. ஓசூர்ப் பகுதி ஏற்றத்தாழ்வான நிலம். பெரிய தொழிற்கூடம் அமைக்க, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்வது வழக்கம். நிரப்பிய செம்மண் போதிய ஈரமின்றி இறுக்கப்பட்டிருந்தால், சுமையுடன் பல ஆண்டுகள் நின்றபின் நனையும்போது திடீரெனச் சுருங்கும். இறுக்கிய களிமண்ணின் நனைவுச் சரிவில் உறிஞ்சழுத்தத்தின் பங்கைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுதாகர் ராவ், ரேவணசித்தப்பா ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது. மோர்–கூலும் மாதிரி இச்சுருக்கத்தைத் தரவே இயலாது. அம்மாதிரியில் சுமை மாறாமல் பயனுறு தகைவு குறைந்தால் மண் சற்றே விரியும். உண்மை மண்ணோ சுருங்குகிறது. அளவில் மட்டுமன்றித் திசையிலேயே விடை பிழைக்கும் இடம் இது. பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலும் நிற்கும் தொழிற்கூடத் தளத்திற்கு இதுவே முதன்மையான இடர்.

7. மூன்றாம் குறை: கடன் பெற்ற அளவுருக்கள்

மேற்கண்ட குறைகளை உணர்ந்த ஆய்வாளர் சிலர் உயர்நிலை மாதிரிக்குத் தாவுகின்றனர். கடினமுறும் மண் மாதிரி மூன்று குணகங்களைக் கேட்கிறது: முவ்வச்சுச் சோதனையின் பாதிவலிமைக் குணகம், இறுகல் சோதனைக் குணகம், இறங்கி ஏறும் குணகம். கையில் இருப்பதோ நியம ஊடுருவல் சோதனையின் என் மதிப்பு ஒன்றே. அதிலிருந்து ஒரு குணகம் ஊகிக்கப்படுகிறது. இரண்டாவது அதற்குச் சமம் எனவும், மூன்றாவது அதன் மும்மடங்கு எனவும் முன்னமைவு நிரப்புகிறது. மாதிரியின் பெயர் உயர்ந்தது. உள்ளீடோ அதே ஓர் எண்தான். ஐந்தாம் பகுதியில் இக்கட்டுரை கொண்ட மும்மடங்கும் விளக்கத்திற்கான கொள்கையே. அதனை ஓசூர் மண்ணின் இயல்பாக எழுதினால் இக்குறைக்கு அதுவே சான்றாகிவிடும்.

என் மதிப்பின்மீதும் இங்கு ஒரு கேள்வி உண்டு. மொரம்பிலும் சிதைவுப்பாறையிலும் கருவி இறங்க மறுக்கிறது. 50 அடிகளுக்கும் மேல் என்று எழுதி அறிக்கை நின்றுவிடுகிறது. உருண்டைக் கல்லில் மோதி நின்றதா, பாறையை எட்டி நின்றதா என்பது அவ்வெண்ணில் தெரியாது. அந்த எண்ணைப் பிற நாட்டு மணலுக்கு வகுத்த தொடர்பில் இட்டுப் பெறும் குணகத்திற்குப் பொருள் இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானை முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தது என்பதாலேயே அது மெய்யாகிறது. எச்சமண் நிலம் அவ்வாறு வெந்த பானை அன்று. ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் அரிசியாகவும் நிற்பது. இரண்டு துளைகளைக் கொண்டு ஒரு தொழிற்பேட்டையைக் கிடைமட்ட அடுக்குகளாக வரைவதும் ஒரு மாதிரித் தேர்வுதான். பொருட்பண்பு மாதிரியைவிட இவ்வடிவ மாதிரியே சில வேளைகளில் பெரிய பிழைக்குக் காரணமாகிறது.

8. தேர்வுக்கு ஓர் ஒழுங்கு

இக்குறைகளிலிருந்து, மாதிரியைத் தேர்வதற்கு முன் விடை காண வேண்டிய வினாக்கள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, வினவப்படுவது முறிவா, நகர்வா? சரிவின் நிலைப்பு, தாங்குதிறன் ஆகியவற்றுக்கு மோர்–கூலும் போதும். அருகிலுள்ள கட்டடத்தின் நகர்வை முன்கணிக்க அது போதாது.

இரண்டாவது, மண் செல்லும் தகைவுப்பாதை எது? சுமை ஏறுகிறதா, இறங்குகிறதா, அதிர்கிறதா?

மூன்றாவது, கட்டமைப்பின் வாழ்நாளில் நீரின் நிலை எவ்வாறு மாறும்? வடிகாலுள்ள நிலையா, வடிகாலற்ற நிலையா, உலர்ந்த மண் நனையும் நிலையா?

நான்காவது, மண்ணின் வன்மை எதனால் வந்தது? சுமை நினைவாலா, பாறைப் பிணைப்பாலா, உறிஞ்சழுத்தத்தாலா?

ஐந்தாவது, மாதிரி கேட்கும் அளவுருக்களுள் எவை இந்நிலத்தின் பதத்திலிருந்து அளக்கப்படும், எவை ஊகிக்கப்படும்?

இவற்றுக்கு விடை காணப் பெருஞ்செலவு தேவை என்பது பொதுவான மறுப்பு. அது முழு உண்மையன்று. திறந்த குழியிலிருந்து கையால் வெட்டியெடுத்து மெழுகு பூசிப் பெட்டியில் வைக்கும் குலையாப் பதம், துளைக்குழாய்ப் பதத்தைவிட எச்சமண்ணின் பிணைப்பைச் சிறப்பாகக் காக்கும். அதற்குத் தேவை பொறுமையும் கைத்திறனுமே. ஜென்னிங்ஸ், நைட் இருவரும் 1957-இல் அறிமுகப்படுத்திய இரட்டை இறுகல் சோதனையை, குடிசார் பொறியியல் பயிற்றும் கல்லூரிகளில் உள்ள இறுகல் கருவியைக் கொண்டே செய்யலாம். ஒரு பதம் இயல்பு ஈரத்தில், மற்றொன்று நனைத்து. இரு வளைகோடுகளின் இடைவெளியே நனைவுச் சரிவு. உறிஞ்சழுத்தத்தை வடிதாள் முறையில் அளக்கலாம். ஐ.எஸ். 1888 வகுக்கும் தட்டுச்சுமைச் சோதனையில் சுமையை இறக்கி மீண்டும் ஏற்றும் சுற்றுகளைச் சேர்த்தால் இறங்குகுணகம் நேரடியாகவே கிடைக்கும்.

நனைவுச் சரிவைக் கணக்கில் சேர்க்கப் பார்சிலோனா மாதிரிதான் வேண்டும் என்பதும் இல்லை. எளிய மாதிரியைக் கொண்டு இரு எல்லைநிலைகளைத் தனித்தனியே கணக்கிடலாம். உறிஞ்சழுத்தத்துடன் ஒருமுறை, அதனை அறவே நீக்கி ஒருமுறை. நனைவால் வரும் சுருக்கத்தைச் சோதனையில் அளந்த திரிபாக நிரப்படுக்கில் நேரடியாகப் புகுத்தலாம். எதைப் பிரிக்கத் தெரியாதோ அதை அறிந்து, வெளியிலிருந்து ஈடுசெய்த எளிய மாதிரி, எதைச் செய்கிறது என்று அறியாமல் இயக்கிய உயர்நிலை மாதிரியைவிட நம்பத்தக்கது.

9. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

காப்புக் கெழு இப்பிழைகளையெல்லாம் விழுங்கிவிடும், இதுவரை கட்டியவை நிற்கின்றனவே என்ற வாதம் எழலாம். ஓசூர்ச் செம்மண் வன்மையானது என்பதும், ஆழமற்ற அடித்தளங்கள் பெரும்பாலும் இடரின்றி நிற்கின்றன என்பதும் உண்மையே. ஆனால் வலிமை அளவில் ஏற்படும் பிழையைக் காப்புக் கெழு ஓரளவு தாங்கும். திசையில் ஏற்படும் பிழையைத் தாங்காது. விரியும் என்று கணித்த தளம் சுருங்கும்போது கெழுவால் பயனில்லை. மேலும், பழைய ஒற்றைத்தளக் கூடங்களின் பட்டறிவு, அடுக்கடுக்கான சரக்கு நிலைச்சட்டங்களுக்கும், நுண்மட்டம் பிசகாத தானியங்கிப் பொறிகளுக்கும், நிலத்தடி வாகன நிறுத்தங்களுக்கும் அப்படியே பொருந்தாது. இவற்றுக்குச் சில மில்லிமீட்டர் வேறுபாடே பழுது.

மோர்–கூலும் மாதிரியைத் தூற்றுவதும் இக்கட்டுரையின் கருத்தன்று. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது நிலைப்பதற்குக் காரணம், அதன் அளவுருக்களை அளக்க முடியும், பொருளை விளக்க முடியும் என்பதே. குறை மாதிரியில் இல்லை. அதனைத் தேர்ந்த காரணத்தைச் சொல்லாமல் விடும் வழக்கத்தில் உள்ளது.

10. முடிவுரை

ஓசூர் – கிருஷ்ணகிரி நிலம் பிணைப்புடைய, நிறைவுறாத, சீரற்ற எச்சமண் நிலம். இந்நிலத்திற்கான மாதிரித் தேர்வில் ஒற்றைக் குணகம், மாறாத பிணைப்பு, கடன் பெற்ற அளவுரு ஆகிய மூன்றும் முதன்மைக் குறைகள். இவை மூன்றும் பதத்திலிருந்து மாதிரி பிரிந்து நிற்பதன் விளைவுகளே. ஆகவே, எந்த மாதிரி பயன்படும் என்பதை மண்ணாய்வுத் திட்டம் வகுக்கும்போதே முடிவு செய்து, அதற்குரிய சோதனைகளை அத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். துளையிட்டு முடித்து ஆறு மாதம் கழித்துப் பகுப்பாய்வாளரின் மேசைக்கு வரும் அறிக்கையால் அவ்வினாக்களுக்கு விடை தர இயலாது.

இத்துறையில் நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் ஒன்றைச் செய்ய முடியும். முடிவுறு கூறு பகுப்பாய்வு இடம்பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும், தேர்ந்த மாதிரி எதனைக் கூறாது என்பதை ஒரு பத்தியில் எழுதுமாறு கேட்கலாம். அளவுருக்களின் அட்டவணையில், அளந்தவை, ஊகித்தவை என ஒரு நிரலைக் கூட்டலாம். வண்ணப்படங்கள் நிறைந்த பக்கங்களைவிட அந்த ஒரு நிரலே அவ்வாய்வின் நம்பகத்தன்மையைத் தெளிவாகக் காட்டும். ஓசூரின் குழிகளில் இறங்குவோருக்கும் அதுவே காப்பாக அமையும்.